மாணவர்களை மண்டியிடச் சொல்லாதீர்கள்

ஸ்கூபா பயிற்றுநர் தேர்வில் தேறி அட்டை கைக்கு வந்த வாரமே ஆலோசனைகளும் வந்து குவியத் தொடங்கும். தாய்லாந்தின் கோ தாவ் தீவானாலும் சரி, அந்தமானின் ஹேவ்லாக் ஆனாலும் சரி, மூத்தவர்கள் சொல்வதில் பெரிய வித்தியாசம் இருக்காது. "முதல் கிளாஸா? கவலைப்படாதே. எல்லாருக்கும் ரெண்டு கிலோ கூடவே கட்டு. கீழே இறக்கி வரிசையா முட்டி போட வை. எதிரே நீயும் முட்டி போட்டு ஒவ்வொண்ணா செஞ்சு காட்டு. யாரும் எங்கேயும் போக மாட்டாங்க. மிதக்கிறதைக் கடைசி நாள் பாத்துக்கலாம்."

நல்ல மனதோடு சொல்லப்படுவதுதான். முதல் வகுப்புக்கு முந்தைய இரவில் தூக்கம் வராமல் புரளும் ஒருவருக்கு இதைவிட ஆறுதலான பேச்சு கிடையாது. ஆனாலும் இந்த ஆலோசனை தவறு என்பதே என் வாதம். பழைய முறை, அழகில்லாத முறை என்ற அளவில் நான் இதைக் குறை சொல்லவில்லை. எந்தப் பாதுகாப்பின் பெயரால் இது சொல்லப்படுகிறதோ அந்தப் பாதுகாப்பையே இது குலைக்கிறது. புதிய பயிற்றுநருக்கு நிம்மதி தருகிறது, உண்மை. அந்த நிம்மதிக்கான விலையை மூன்றாம் நாள் பத்து மீட்டர் ஆழத்தில் மாணவர் கட்டுகிறார்.

எதிர்க்குரல் புதிதல்ல. 1998இல் தொடங்கிய ஜியூஇ அமைப்பு மாணவரைத் தொடக்கத்திலிருந்தே கிடைமட்டமாக மிதக்கவைத்துத்தான் பயிற்றுவிக்கிறது. உலகின் மிகப் பெரிய பயிற்சி அமைப்பான பாடி, 2013இல் வெளியிட்ட திருத்திய ஓப்பன் வாட்டர் பாடத்தில் மிதப்புச் சமநிலைக்கு, அதாவது மேலே ஏறாமலும் கீழே இறங்காமலும் நடுநீரில் நிற்கும் திறனுக்கு, முன்னைவிட அதிக இடம் கொடுத்தது. காகிதத்தில் சண்டை பாதி முடிந்துவிட்டது. நீச்சல்குளத்தில் முடியவில்லை. சுற்றுலாத் தீவுகளின் ஆழமற்ற மணல்தரைகளில் இன்றும் அதே வரிசை, அதே முழங்கால். பாடநூல் ஒருமுறை அச்சாகிறது. வாய்மொழி ஆலோசனையோ ஒவ்வொரு படகிலும் ஒவ்வொரு மாலையும் மறுபடி சொல்லப்படுகிறது.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று பார்த்தால் அதன்மேல் கொஞ்சம் இரக்கம்கூடப் பிறக்கும். 1943இல் கூஸ்தோவும் கஞ்ஞானும் நீருக்கடியில் மூச்சுவிட உதவும் அக்வாலங் கருவியை உருவாக்கினார்கள். பிரிட்டனின் முக்குளிப்புச் சங்கமான பிஎஸ்ஏசி 1953இல் பிறந்தது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி 1950களின் நடுவில் பொதுமக்களுக்கான முக்குளிப்புப் பயிற்சியைத் தொடங்கியது. அன்றைய மாணவரிடம் இருந்தவை சிலிண்டர், ரெகுலேட்டர், மாஸ்க், எடைப்பட்டை, ஃபின்ஸ். காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் சட்டை எவரிடமும் இல்லை. ஆழம் கூடக்கூட உடம்பில் போட்டிருக்கும் வெட்சூட் நசுங்கும், ஆள் கனப்பார், தரையில் போய் நிற்பார். நின்ற இடத்தில்தான் மாஸ்க்கைக் கழற்றி மாட்ட வேண்டும். வேறு வழி இல்லை.

பிரான்சில் ஃபென்சியின் கழுத்துமிதவை வந்தது 1961இல். ஸ்கூபாப்ரோவின் சட்டை வடிவ மிதவை வந்தது 1971இல். இன்று நாம் பிசிடி என்று சொல்லும் கருவியின் மூதாதைகள் இவை. ஆக, மண்டியிடும் வகுப்பு என்பது மிதப்பைச் சரிசெய்யும் கருவி பிறப்பதற்கு முந்தைய ஏற்பாடு. கருவி வந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. வகுப்பு இன்னும் எழுந்திருக்கவில்லை.

இனி அவர்களுடைய முதல் வாதத்துக்கு வருவோம்: கட்டுப்பாடு. மண்டியிட்டவர் நகரமாட்டார், எனவே பயிற்றுநரின் பிடியில் இருக்கிறார் என்கிறார்கள். அவர் ஏன் நகரமாட்டார்? தேவைக்கு மேல் ஈயம் கட்டியிருப்பதால். அவரைப் பிடித்து வைத்திருப்பது தரை. பயிற்றுநர் அல்ல. எல்லாம் அமைதியாக இருக்கும் வரை இந்த இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்து, மூக்கில் ஏறி, மாணவருக்குப் பீதி பிடிக்கும் அந்த நொடியில் தெரியும். பீதி பிடித்தவர் மேலே போகத்தான் பார்ப்பார். மண்டியிட்டிருப்பவருக்கு மேலே போவதைவிட எளிதான காரியம் இல்லை. உடம்பு ஏற்கெனவே செங்குத்தாக இருக்கிறது, கால்கள் மடங்கித் தரையை ஊன்றியிருக்கின்றன, ஓர் உந்து போதும். வயிற்றுப்புறம் கீழாகக் கிடப்பவர் முதலில் நிமிர வேண்டும். நிமிர இரண்டு மூன்று நொடி ஆகும். பக்கத்தில் இருக்கும் பயிற்றுநரின் கை அவருடைய சிலிண்டர் வால்வை எட்ட அந்த நேரம் போதும்.

இரண்டு மீட்டர் ஆழம்தானே, குளம்தானே என்று அலட்சியமாகச் சொல்பவர்கள் உண்டு. நுரையீரல் நிறைய அழுத்தக் காற்றை அடைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு வெறும் 1.2 மீட்டர் ஏறினாலே நுரையீரல் கிழிந்து காற்றுக்குமிழ் இரத்தத்தில் கலக்கக்கூடும் என்பது முக்குளிப்பு மருத்துவத்தின் பாலபாடம். குளம் யாரையும் மன்னிப்பதில்லை.

அடுத்து அந்த இரண்டு கிலோ. இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்க்க வேண்டும், ஏனென்றால் ஆலோசனையிலேயே மிக ஆபத்தான பகுதி இதுதான். சிலிண்டரில் உள்ள காற்றுக்கும் எடை உண்டு. 11 லிட்டர் அலுமினிய சிலிண்டரில் 200 பாரில் தொடங்கி 50 பாரில் முடித்தால் ஏறத்தாழ இரண்டு கிலோ காற்று செலவாகியிருக்கும். அதை ஈடுகட்ட வைக்கும் எடை நியாயமானது. அது சரியான எடைக் கணக்கிலேயே சேர்ந்துவிடும். குளத்திலிருந்து கடலுக்குப் போகும்போதும் எடை கூட்டத்தான் வேண்டும். கருவிகளோடு சேர்த்து நூறு லிட்டர் நீரை விலக்கும் ஒருவருக்குக் கடல்நீரில் இரண்டரை கிலோ கூடுதலாகத் தேவை. இவற்றில் எனக்குத் தகராறு இல்லை. நான் பேசுவது இவற்றுக்கும் மேலே "அசையாமல் இருக்கட்டும்" என்று கட்டப்படும் ஈயத்தைப் பற்றி.

குளத்தில் அந்த ஈயம் ஒளிந்துகொள்கிறது. மண்டியிட்டவரின் பிசிடி காலி, தரை தாங்குகிறது, ஒன்றும் தெரியாது. கடலில் ஒரு மாணவர், கணக்குக்காக, ஐந்து கிலோ அதிகச் சுமையோடு பத்து மீட்டரில் நீந்துகிறார் என்று வையுங்கள். அவரைத் தாங்க பிசிடிக்குள் ஐந்து லிட்டர் கூடுதல் காற்று வேண்டும். பத்து மீட்டரில் அழுத்தம் இரண்டு வளிமண்டலம், ஐந்து மீட்டரில் ஒன்றரை. ஏதோ ஒரு காரணத்தால் அவர் ஐந்து மீட்டருக்கு ஏறிவிட்டால் அந்த ஐந்து லிட்டர் ஆறரை லிட்டருக்கு மேல் விரியும். ஒன்றரை கிலோவுக்கும் அதிகமான விசை அவரை மேலே இழுக்கும். ஏற ஏற விரியும், விரிய விரிய ஏறுவார். நீர்மட்டத்தை எட்டும்போது அது பத்து லிட்டர். சரியான எடை கட்டியவரிடம் இந்தக் கூடுதல் காற்றே இருக்காது. அவர் தவறு செய்தாலும் தவறு சிறியதாக இருக்கும், ஒரு முழு மூச்சை வெளியே விட்டால் சரியாகிவிடும். தரையில் ஆணி அடித்தாற்போல் இருக்கட்டும் என்று கட்டிய ஈயம்தான் கடலில் மாணவரை மேலே எறிகிறது. எடை கூடினால் மூழ்குவார், அவ்வளவுதானே என்று நினைக்கும் புதிய பயிற்றுநர்கள் இதை ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும்.

"முதலில் அடிப்படைத் திறன்கள், மிதப்பு பிறகு" என்பது அடுத்த வாதம். மிதப்பு என்பது மாஸ்க் நீக்குதல், ரெகுலேட்டர் மீட்டல், காற்றுப் பகிர்தல் ஆகியவற்றோடு பட்டியலில் இன்னொன்று என்ற எண்ணமே இதன் வேர். ஸ்டாண்ட் போட்ட சைக்கிளில் உட்காரவைத்துப் பெடல், பிரேக், மணி எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்துவிட்டு, "பேலன்ஸ் மட்டும் கடைசி நாள்" என்று சொல்வதற்கு இது ஒப்பு. கடலில் மாணவர் செய்யப்போகும் எதையும் மண்டியிட்டுச் செய்யப்போவதில்லை. மாஸ்க்குக்குள் நீர் புகுவது அவர் நீந்திக்கொண்டிருக்கும்போது. துணைவரின் காற்று தீர்ந்துபோவது நடுநீரில். அப்போது கைகள் அனிச்சையாக என்ன செய்யும்? முதல் நாள் பழகியதைத்தான் செய்யும். முதலில் பழகியது முழங்காலைத் தேடுவது. எனவே காலைக் கீழே இறக்குவார், தரை இருக்காது, துடுப்படிப்பார், செங்குத்தாகத் துடுப்படிப்பதால் மேலே ஏறுவார்.

முதலில் கற்றதே ஆழமாகப் பதியும் என்று பயிற்றுநர் பாடத்திலேயே சொல்லித்தருகிறார்கள். அதைச் சொல்லித்தரும் அதே வாய்தான் படகில் ஏறியதும் முட்டி போட வைக்கச் சொல்கிறது.

அவர்கள் தரப்பில் வலுவான ஒரு வாதம் உண்டு. அதை மறைத்துவிட்டுப் பேசுவது யோக்கியமல்ல. மாஸ்க் பயம். முகத்தில் நீர் பட்டதும் மூச்சுத் திணறுவது உடலின் இயல்பு. வாழ்நாளில் நீச்சல்குளத்தையே சரியாகப் பார்க்காத முப்பத்தைந்து வயது மனிதரை முதல் ஐந்து நிமிடத்திலேயே மிதந்துகொண்டு மாஸ்க்கைக் கழற்றச் சொன்னால் அது கொடுமை. சரி. முதல் மூச்சுகளும் முதல் மாஸ்க் பழக்கமும் இடுப்பளவு நீரில், எழுந்து நின்றால் தலை வெளியே வரும் இடத்தில் நடக்கட்டும். உட்காரட்டும், படிக்கட்டைப் பிடித்துக்கொள்ளட்டும், விரும்பினால் மண்டியும் இடட்டும். பயம் தணிய ஒரு பிடிப்பு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. அங்கிருந்து எப்போது எழுகிறோம் என்பதே கேள்வி. பத்து நிமிடத்தில் எழுந்தால் அது படிக்கட்டு. நான்கு நாளும் அங்கேயே இருந்தால் அதற்குப் பெயர் வேறு.

மேலும், கிடைமட்டமாகச் செய்வது கடினம் என்ற நம்பிக்கையே பாதி பொய். வாயிலிருந்து நழுவிய ரெகுலேட்டரை மீட்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மண்டியிட்டுப் பின்னால் சாய்ந்திருப்பவருக்கு அந்தக் குழாய் தோளுக்குப் பின்னால் போய்விடும், கையை வீசித் தேட வேண்டும். வயிற்றுப்புறம் கீழாக இருப்பவருக்கு அது தானாக முகத்துக்குக் கீழே தொங்கும். மாஸ்க் நீக்குவதில் மட்டும் தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி எதிரே பார்க்கப் பழக வேண்டும், அவ்வளவே. கால் தாழ்கிறது என்பது பெரும்பாலும் மாணவரின் குற்றமல்ல. எல்லா ஈயத்தையும் இடுப்பில் கட்டினால் கால் தாழத்தான் செய்யும். அதில் கொஞ்சத்தைச் சிலிண்டர் பட்டைக்கு மாற்றிப் பாருங்கள்.

நேரமில்லை என்ற வாதத்தை நீட்டி மறுக்கத் தேவையில்லை. முதல் நாள் அரைமணி செலவழித்து எடையைச் சரிபார்த்தவர், கடலில் ஒவ்வொருவராக இழுத்துப்பிடிப்பதில் அந்த நேரத்தைப் பலமடங்கு மிச்சம்பிடிக்கிறார்.

இப்போது யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரணத்துக்கு வருகிறேன். புதிய பயிற்றுநருக்கே மிதந்துகொண்டு செய்துகாட்டத் தெரியாது. பாடி முறையில் பயிற்றுநர் தேர்வெழுதக் குறைந்தபட்சம் 100 டைவ் பதிவாகியிருந்தால் போதும். பலர் அந்த எண்ணைத் தொட்ட கையோடு வருகிறார்கள். பயிற்சிக் காலத்தில் மெதுவாக, மிகைப்படுத்தி, ஒவ்வொரு அசைவையும் பிரித்துச் செய்துகாட்டுவதை மனப்பாடமாகப் பழகுகிறார்கள். பெரும்பாலும் முழங்காலில் நின்றே பழகுகிறார்கள். தேர்வில் அவர்களுக்கு மாணவராக நடிப்பவர்களும் சக தேர்வர்களே. இன்ன தவறு செய் என்று சொல்லிவைத்த தவறைச் சொல்லிவைத்த நேரத்தில் செய்வார்கள். உண்மையான மாணவர் சொல்லிவைத்துத் தவறு செய்வதில்லை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் வேறு வேறு திசையில் போவார்கள். இதைச் சமாளிக்க முடியாது என்ற உள்பயம்தான் "முட்டி போட வை" என்ற வடிவில் வெளிவருகிறது. மாணவரின் நலனுக்காக என்று சொல்லப்படும் வரிசை, உண்மையில் ஆசிரியரின் குறையை மறைக்கும் திரை.

குறை இருப்பதில் அவமானம் ஒன்றுமில்லை. 100 டைவ் என்பது குறைவுதான். அதற்கு மருந்து பயிற்சி. முதல் வகுப்புக்கு முன் ஒரு வாரம் குளத்தில் தனக்கென நேரம் ஒதுக்கி, ஒவ்வொரு திறனையும் தரையைத் தொடாமல், ஓர் ஆழத்திலேயே நின்று, நிதானமாகச் செய்யப் பழகலாம். யாரையாவது படமெடுக்கச் சொல்லிப் பார்க்கலாம். தன் முழங்கால் எப்போதெல்லாம் தரையைத் தேடுகிறது என்பது அந்தப் படத்தில் தெரிந்துவிடும். மாணவர் ஆசிரியரின் சொல்லை மறப்பார், உடம்பை மறக்கமாட்டார். ஆசிரியர் மிதந்தால் மாணவர் மிதக்க முயல்வார்.

"எட்டுப் பேரை வைத்துக்கொண்டு இதையெல்லாம் செய்ய முடியுமா?" என்று கேட்பார்கள். முடியாது. அதனால் எட்டுப் பேரை எடுக்காதீர்கள். திறந்த நீரில் ஒரு பயிற்றுநருக்கு எட்டு மாணவர் என்பது பாடி விதிக்கும் மேல்வரம்பு. அது எல்லாச் சூழலும் சாதகமாக இருக்கும்போது, அனுபவசாலிக்கு, தாண்டக்கூடாத கோடு. முதல் வகுப்பு எடுப்பவர் அதைத் தன் இலக்காக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. மண்டியிட்ட வரிசையும் நிரம்பிய வகுப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. மாணவர்களை நட்டுவைத்தால்தான் எட்டுப் பேரைச் சமாளிக்க முடியும். எட்டுப் பேரை எடுத்துவிட்டால் நட்டுவைக்காமல் முடியாது. பல மையங்களில் பயிற்றுநருக்குச் சம்பளம் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில் வருகிறது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்று பேருக்கு மேல் வேண்டாம் என்று புதியவர் சொன்னால் அவர் கையில் வரும் காசு குறையும், உரிமையாளரின் முகம் கறுக்கும். இந்த அழுத்தத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் ஆலோசனை சொல்லும் மூத்தவர்கள் இதைப் பற்றியல்லவா பேசியிருக்க வேண்டும்? உரிமையாளரிடம் எப்படிப் பேசுவது, துணைக்கு ஒரு டைவ்மாஸ்டரை எப்படிக் கேட்டு வாங்குவது, எந்த மாணவரை எந்த நாளில் நீரில் இறக்காமல் நிறுத்துவது என்பதையெல்லாம் விட்டுவிட்டு ஈயத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்.

கடைசியாக, தரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மணல்தரைதான், யாருக்கு நட்டம் என்பார்கள். மண்டியிடப் பழகியவர் மணல் எங்கே முடிகிறது என்று பார்த்து நிறுத்திக்கொள்வதில்லை. படம் எடுக்கும்போது, மாஸ்க்கைச் சரிசெய்யும்போது, ஓய்வெடுக்கத் தோன்றும்போது, எது கீழே இருக்கிறதோ அதன்மேல் முழங்காலை வைப்பார். ஹேவ்லாக்கிலும் மன்னார் வளைகுடாவிலும் அது பவளமாக இருக்கலாம். கல்பவளங்கள் இந்திய வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கும் அதே அட்டவணையில், இருக்கின்றன. முதல் நாள் வகுப்பில் யாரும் மாணவரிடம் பவளத்தை உடைக்கச் சொல்வதில்லை. உடைக்கும் தோரணையைப் பழக்கிவிட்டு அனுப்புகிறார்கள்.

ஆகவே முதல் வகுப்பு எடுக்கப்போகிறவரே, உங்களுக்குச் சொல்லப்பட்டதை மரியாதையோடு கேட்டுக்கொள்ளுங்கள், கேட்டபடி செய்யாதீர்கள். நின்றால் தலை வெளியே தெரியும் ஆழத்தில் ஒவ்வொருவரின் எடையையும் நீங்களே சரிபாருங்கள். பிசிடியில் காற்றில்லாமல், சாதாரண மூச்சோடு கண்மட்டத்தில் மிதக்க வேண்டும், மூச்சைவிட்டால் தாழ வேண்டும். சிலிண்டர் நிறைய இருந்தால் செலவாகப்போகும் காற்றின் கனத்தைக் கணக்கில் சேருங்கள். அதற்குமேல் ஒரு ஈயக்கட்டிகூட வேண்டாம். பிறகு குப்புறப் படுக்கவைத்து, மூச்சை இழுத்தால் நெஞ்சு எழுவதையும் விட்டால் தாழ்வதையும் அவர்களே உணரும்வரை மற்றதைத் தொடாதீர்கள். மற்றத் திறன்கள் எல்லாம் அந்த நிலையிலிருந்து தொடங்கட்டும். நீங்கள் எப்போதும் அவர்களுக்குக் கையெட்டும் தூரத்தில், கொஞ்சம் மேலே இருங்கள். உரிமையாளர் பெயர்ப்பட்டியலை நீட்டும்போது, மூன்றாவது பெயருக்குக் கீழே கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.